ஒரு பேஸ்பால் வீரரின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதுவது எப்படி?

பேஸ்பால் வீரர் ஒருவரைப் பற்றி எழுத முனைகிறவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறார். ஹிட், ஹோம் ரன், சராசரி என்று எண்களை அடுக்கிவிட்டு மனிதரை விட்டுவிடுகிறார். அல்லது எளிய குடும்பம், கடின உழைப்பு, புகழ், துயர முடிவு என்று உருக்கமாக எழுதிவிட்டு அவர் ஆடிய ஆட்டத்தை விட்டுவிடுகிறார். இரண்டையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து எழுதினாலும் குறை தீர்வதில்லை. களத்தில் பதிவான ஓர் எண்ணுக்கான காரணம் பல நேரங்களில் களத்துக்கு வெளியே கிடக்கிறது. வெளியே பரவிய ஒரு பேச்சு மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லும் சான்று களத்தின் பதிவேட்டில் இருக்கிறது. ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்கும் முறையைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

முறையை வெறும் விதிகளாகச் சொன்னால் பயன் குறைவு என்பதால், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக 1955 முதல் 1972 வரை ஆடிய ரொபெர்ட்டோ கிளெமென்டேயை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். பதினெட்டுப் பருவங்களையும் ஒரே அணியில் ஆடியவர் அவர். அவருடைய ஆட்டங்கள் ஏறத்தாழ ஒவ்வொன்றும் பதிவாகியிருக்கின்றன. அவரைச் சுற்றிக் கதைகளும் ஏராளமாக வளர்ந்திருக்கின்றன. பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்க்கை கிடைப்பது அரிது.

பெயரிலிருந்து தொடங்குங்கள்

முதலில் ஒரு தாளில் அடிப்படைச் செய்திகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: முழுப்பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், எந்தக் கையால் மட்டை பிடித்தார், எந்தக் கையால் எறிந்தார், எந்த இடத்தில் நின்று ஆடினார், எந்த ஆண்டு தொடங்கி எந்த ஆண்டு முடித்தார். எளிய வேலையாகத் தோன்றும் இந்தத் தாளிலேயே பலர் தவறு செய்கிறார்கள்.

கிளெமென்டேயின் முழுப்பெயர் ரொபெர்ட்டோ கிளெமென்டே வாக்கர். ஸ்பானிஷ் மொழி பேசுவோரின் வழக்கப்படி தந்தையின் குடும்பப் பெயர் முன்னாலும் தாயின் குடும்பப் பெயர் பின்னாலும் வரும். ஆகவே 'வாக்கர்' என்பது தாய்வழிப் பெயர். இதை அறியாமல் அவரை 'திரு. வாக்கர்' என்று குறிப்பிட்டால் முதல் வரியிலேயே பிழை நேர்ந்துவிடும். அவர் 1934 ஆகஸ்ட் 18 அன்று புவேர்ட்டோ ரிக்கோவின் கரோலினா என்ற ஊரில் பிறந்தார். அத்தீவின் மக்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். எனவே அவரை 'வெளிநாட்டு வீரர்' என்று எழுதுவது சட்டப்படி தவறு. ஆனால் அவர் வெளிநாட்டவரைப் போலவே நடத்தப்பட்டார் என்று எழுதுவது வரலாற்றுப்படி சரி. இந்த இரண்டும் ஒரே பத்தியில் இடம்பெற வேண்டியவை.

பெயரைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அன்றைய அமெரிக்கச் செய்தித்தாள்களும் பேஸ்பால் அட்டைகளும் அவரைப் பல ஆண்டுகள் 'பாப் கிளெமென்டே' என்றே அழைத்தன. அவர் அதை விரும்பவில்லை. பழைய நாளிதழ்த் தொகுப்புகளில் தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேடினால்தான் முழுமையான செய்திகள் கிடைக்கும். கட்டுரையில் அவரை எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு மட்டும் அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயரே விடையாக இருக்கட்டும்.

தொழிலுக்குள் எப்படி வந்தார் என்று பாருங்கள்

'சிறுவயதிலேயே திறமை காட்டினார், பெரிய அணி அவரைச் சேர்த்துக்கொண்டது' என்று ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். தொழில்முறை பேஸ்பாலில் ஒருவர் நுழையும் வழியை அந்தக் காலத்தின் விதிகளே தீர்மானிக்கின்றன. அந்த விதிகள் தெரியாமல் அவருடைய தொடக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

கிளெமென்டே 1954 பிப்ரவரியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்தார். கையெழுத்துத் தொகை 10,000 டாலர், ஆண்டுச் சம்பளம் 5,000 டாலர். அப்போது ஒரு விதி இருந்தது: 4,000 டாலருக்கு மேல் கையெழுத்துத் தொகை பெற்ற இளம் வீரரை முதன்மை அணியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், கீழ்நிலை அணிக்கு அனுப்பினால், பருவ முடிவில் வேறு அணிகள் அவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். டாட்ஜர்ஸ் அவரைக் கீழ்நிலை அணியான மொன்றியல் ராயல்ஸுக்கு அனுப்பியது. அந்தப் பருவத்தில் கடைசி இடம் பிடித்த பைரேட்ஸுக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது; 1954 நவம்பரில் 4,000 டாலர் கட்டி அவரை எடுத்துக்கொண்டது.

இங்கே ஒரு புகழ்பெற்ற கதை குறுக்கிடுகிறது. வேறு அணிகளின் கண்ணில் படாமல் இருக்க டாட்ஜர்ஸ் நிர்வாகம் அவரை மொன்றியலில் வேண்டுமென்றே ஆடவிடாமல் ஒளித்துவைத்தது என்பார்கள். இத்தகைய கதை கிடைத்தால் அதை அப்படியே ஏற்கவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம்; ஆட்டவாரியான பதிவை எடுத்துப் பாருங்கள். அவர் அந்தப் பருவத்தில் 87 ஆட்டங்களில் களமிறங்கினார், சராசரி .257, பந்தை வேலிக்கு அப்பால் அடிக்கும் ஹோம் ரன்கள் இரண்டு. பத்தொன்பது வயதில், கீழ்நிலைப் படிகளில் மிக உயர்ந்த படியில் நேராகச் சேர்க்கப்பட்ட ஒருவருக்கு இது இயல்பான அளவுதான் என்று வாதிட இடமிருக்கிறது. வலக்கை மட்டையாளரான அவரை இடக்கைப் பிட்சர்களுக்கு (பந்து வீசுகிறவர்களுக்கு) எதிராகவே அதிகம் இறக்கியிருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. ஒளித்துவைத்தார்கள் என்பதை ஒரு தரப்பின் கூற்றாகச் சொல்லி, அதற்கு எதிரான எண்களையும் பக்கத்தில் வையுங்கள்.

இன்றைய வீரரைப் பற்றி எழுதுகிறவர் வேறு விதிகளைத் தேட வேண்டும். இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்ட் முறை 1965இல் வந்தது. முதன்மை அணியில் 172 நாள்கள் இருந்தால் ஓராண்டுப் பணி என்று கணக்கிடப்படுகிறது. பொதுவாக மூன்றாண்டுப் பணிக்குப் பின் சம்பளத்தை நடுவர் முன் கொண்டுசெல்லும் உரிமையும், ஆறாண்டுக்குப் பின் விரும்பிய அணியுடன் ஒப்பந்தம் செய்யும் உரிமையும் கிடைக்கின்றன. ஒரு வீரர் ஏன் ஏப்ரல் முழுவதும் கீழ்நிலை அணியில் வைக்கப்பட்டார் என்ற கேள்விக்கு அவருடைய ஆட்டத்தில் மட்டும் விடை தேடாமல் இந்த நாள்கணக்கிலும் தேடுங்கள்.

எண்களை அவை பிறந்த இடத்தோடு படியுங்கள்

கிரிக்கெட்டில் பழகிய கண்ணுக்கு பேஸ்பாலின் சராசரி முதலில் குழப்பம் தரும். கிரிக்கெட்டில் மொத்த ரன்களை ஆட்டமிழந்த எண்ணிக்கையால் வகுக்கிறோம். பேஸ்பாலில் ஹிட்களின் (பந்தை அடித்து, ஓடிச் சேர வேண்டிய நிலையான 'பேஸ்' ஒன்றைப் பத்திரமாக அடைந்த முறைகளின்) எண்ணிக்கையை, கணக்கில் கொள்ளப்படும் மட்டை வாய்ப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். கிளெமென்டே 9,454 வாய்ப்புகளில் 3,000 ஹிட்கள் அடித்தார், வகுத்தால்.317 வருகிறது. அதாவது பத்து முறைக்கு மூன்று முறைக்குச் சற்று மேல். ஏழு முறை தோற்று மூன்று முறை வெல்கிறவரே இந்த ஆட்டத்தில் தலைசிறந்தவர் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே வாசகருக்குச் சொல்லிவிட்டால், பின்னால் வரும் எண்கள் எல்லாம் தாமே பொருள் தரும்.

இந்தக் கணக்கில் 'வாக்' சேர்வதில்லை. பிட்சர் நான்கு தவறான பந்துகளை வீசினால் மட்டையாளர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்துபோகலாம். அது சராசரியைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. கிளெமென்டே தவறான பந்தையும் துரத்தி அடிக்கும் இயல்புள்ளவர். பதினெட்டுப் பருவங்களிலும் சேர்த்து அவருக்கு 'வாக்' கிடைத்தது 621 முறை மட்டுமே. அதனால் எந்த வழியிலாவது பேஸை அடைந்த விகிதத்தைக் கணக்கிட்டால் .359தான் வருகிறது. அவரை நேசிக்கிறவர் இந்த இரண்டாவது எண்ணை மறைத்து எழுதக்கூடாது. அவர் ஆடிய விதம் எப்படிப்பட்டது என்பதை முதல் எண்ணைவிட இதுதான் தெளிவாகக் காட்டுகிறது.

அடுத்து, ஒவ்வோர் எண்ணையும் அதன் ஆண்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கிளெமென்டே 1967இல் .357 அடித்து இரு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மட்டைப் பட்டத்தை, அதாவது மிக உயர்ந்த சராசரிக்கான பட்டத்தை, நான்காம் முறையாக வென்றார், அடுத்த ஆண்டு.291க்கு இறங்கினார். தனியாகப் பார்த்தால் வீழ்ச்சி. ஆனால் 1968 பிட்சர்களின் ஆண்டு. இரு லீகுகளையும் சேர்த்து மட்டையாளர்களின் சராசரியே .237தான், அமெரிக்கன் லீகின் மட்டைப் பட்டம்.301 அடித்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கிக்குப் போயிற்று. நிலைமை அவ்வளவு ஒருபக்கமாகச் சாய்ந்ததால், பிட்சர் நின்று வீசும் மேட்டின் உயரத்தை 1969இல் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். இந்தப் பின்னணியைச் சொல்லாமல் .291 என்று மட்டும் எழுதினால் வாசகர் தவறான முடிவுக்கு வருவார்.

மைதானத்தையும் அளந்து பாருங்கள். கிரிக்கெட்டைப் போலவே பேஸ்பாலிலும் மைதானங்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. பைரேட்ஸ் 1970 ஜூன் வரை ஆடிய ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் இடப்பக்கச் சுவர், மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 365 அடி தொலைவில் இருந்தது. இடப்பக்கமும் நடுவும் சேரும் மூலை 457 அடி, ஏறத்தாழ 139 மீட்டர். அந்த மூலைக்குப் பந்து அரிதாகவே போகும் என்பதால், மட்டைப் பயிற்சிக்கான கம்பிக் கூண்டை ஆட்டம் நடக்கும்போதும் மைதானத்துக்குள்ளேயே அங்கு நிறுத்திவைத்திருந்தார்கள். வலக்கை மட்டையாளரின் வலுவான அடி இயல்பாகப் போகும் திசை அதுதான். கிளெமென்டேயின் ஹோம் ரன்கள் 240 என்பதையும், ஒரே அடியில் மூன்றாவது பேஸை எட்டும் டிரிபிள்கள் 166 என்பதையும் அந்தக் கூண்டை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், வேறொரு மைதானத்தில் வேலி தாண்டியிருக்கக்கூடிய பந்துகள் இங்கே உள்ளேயே உருண்டிருக்கும் என்பதும், அவர் மூன்றாவது பேஸை நோக்கி ஓடும் காட்சியும் கண்முன் வரும்.

தடுப்பாட்டத்தின் எண்கள்தான் மிகவும் ஏமாற்றக்கூடியவை. கிளெமென்டே வலப்பக்க வெளிக்களமான ரைட் ஃபீல்டில் நின்று ஆடினார். 1961 முதல் 1972 வரை தொடர்ந்து பன்னிரண்டு முறை, தடுப்பாட்டச் சிறப்புக்கான கோல்ட் குளோவ் விருது பெற்றார். வெளிக்களத்திலிருந்து எறிந்து எதிரணி ஓட்டக்காரர்களை வெளியேற்ற உதவிய 'அசிஸ்ட்' கணக்கு 266. ஓர் எறிதலை அருகிலிருந்து பார்ப்போம். முதல் பேஸில் ஓட்டக்காரர் நிற்கிறார்; பந்து வலப்பக்கம் தரையோடு உருண்டு வருகிறது; ஓட்டக்காரர் இரண்டாவது பேஸைத் தாண்டி மூன்றாவதற்கு ஓடலாமா என்று யோசிக்கிறார். ரைட் ஃபீல்டர் ஓடிவந்து பந்தை எடுத்து, உடலைச் சுழற்றி, மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் மூன்றாவது பேஸுக்கு நேராக எறிகிறார். ஓட்டக்காரர் பிடிபட்டால் ஓர் அசிஸ்ட். ஆனால் எறிகிறவர் கிளெமென்டே என்பதால் ஓட்டக்காரர் இரண்டாவது பேஸிலேயே நின்றுவிட்டால், அணிக்குக் கிடைத்த நன்மை ஏறத்தாழ அதேதான். பதிவேட்டிலோ ஒன்றும் ஏறாது. ஆகவே ஒருவருடைய அசிஸ்ட் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைந்தால் கை தளர்ந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். எதிரணியினர் ஓடுவதை நிறுத்திவிட்டார்களா என்றும் பாருங்கள். ஆட்டவாரியான விவரங்களை இலவசமாகத் தரும் ரெட்ரோஷீட், பேஸ்பால்-ரெஃபரன்ஸ் ஆகிய இணையத்தளங்களில் இதைச் சோதிக்க முடியும்.

ஒரு வீரரின் மொத்தப் பங்களிப்பை ஒரே எண்ணாகச் சொல்லும் 'வார்' என்னும் கூட்டு அளவீட்டைப் பற்றி ஒரு சொல். அது கண்ணால் எண்ணிய எண் அன்று, மதிப்பீடு. வெவ்வேறு தளங்கள் வெவ்வேறு முறையில் கணக்கிடுவதால் ஒரே வீரருக்கு வேறுவேறு விடைகள் வரும். எந்தத் தளத்தின் கணக்கு என்று சொல்லாமல் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

விருதுகளும் எண்களைப் போலத் தோன்றும், ஆனால் அவை மனிதர்கள் போட்ட வாக்குகள். 1960இல் பைரேட்ஸ், இரு லீகுகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரை வென்றது. அந்தப் பருவத்தில் அணியிலேயே அதிகமாக, தம் அடிகளால் 94 ரன்கள் சேரச் செய்தவர் கிளெமென்டே. இருந்தும் செய்தியாளர்கள் வாக்களித்த சிறந்த வீரர் விருதில் அவருக்குக் கிடைத்தது எட்டாவது இடம். அந்த மனக்காயம் அவருக்கு நெடுநாள் ஆறவில்லை. விருது அவருக்கு 1966இல்தான் கிடைத்தது. இந்த ஆறாண்டு இடைவெளியை விளக்க அவருடைய ஆட்டப் பதிவு மட்டும் போதாது. செய்தியாளர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். அங்கேதான் களத்தை விட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஒரு வேலை மீதமிருக்கிறது.

ஒரே ஒரு நாளை முழுதாக எடுத்து எழுதுங்கள்

பதினெட்டு ஆண்டுகளையும் ஒரே வேகத்தில் சொல்லிக்கொண்டு போனால் வாசகர் களைத்துவிடுவார். இரண்டு நாள்களைத் தேர்ந்தெடுத்து, பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடி அடியாக எழுதுங்கள்.

நான் தேர்ந்தெடுப்பது 1971 அக்டோபர் 17. பால்டிமோரின் மெமோரியல் ஸ்டேடியத்தில் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்ற பைரேட்ஸ் போராடி வந்து அடுத்த மூன்றையும் வென்றது; ஆறாவதை பால்டிமோர் ஓரியோல்ஸ் வென்றதால் தொடர் 3-3 என்று நின்றது. ஓரியோல்ஸின் இடக்கைப் பிட்சர் மைக் குவெயார் முதல் பதினொரு மட்டையாளர்களையும் வரிசையாக வெளியேற்றிவிட்டார். நான்காவது இன்னிங்ஸில் இரண்டு அவுட். பன்னிரண்டாவதாக வந்தவர் கிளெமென்டே. ஹோம் ரன் அடித்தார். ஆட்டம் 2-1 என்று முடிந்தது. தொடர் முழுவதும் அவர் 29 வாய்ப்புகளில் 12 ஹிட்கள் அடித்திருந்தார், சராசரி .414, ஏழு ஆட்டங்களிலும் குறைந்தது ஒரு ஹிட். 1960 தொடரின் ஏழு ஆட்டங்களிலும் இதையே செய்திருந்தார் என்பது பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். தொடரின் சிறந்த வீரராக அறிவிக்கப்பட்ட அவர், தொலைக்காட்சியில் பேச அழைக்கப்பட்டபோது, ஆங்கிலத்தில் தொடருவதற்கு முன் ஸ்பானிஷ் மொழியில் தம் பெற்றோரிடம் ஆசி கேட்டார். அமெரிக்கா முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த ஒளிபரப்பு அது. பத்தாண்டுக்கு மேலாகத் தம் பேச்சைக் கேலி செய்த ஓர் உலகத்தின் முன் அவர் தம் தாய்மொழியை முதலில் வைத்தார் என்பதை அறிந்த பின்பு அந்தச் சில நொடிகள் வேறு பொருள் பெறுகின்றன.

இரண்டாவது நாள் 1972 செப்டம்பர் 30. இந்த நாளில்தான் 3,000வது ஹிட் வந்தது. நியூயார்க் மெட்ஸின் ஜான் மேட்லாக் வீசிய பந்தில் நான்காவது இன்னிங்ஸில் அடித்த டபுள், அதாவது ஒரே அடியில் இரண்டாவது பேஸை எட்டிய ஹிட். இதை எழுதுகிறவர் முந்தைய நாளையும் பார்க்க வேண்டும். செப்டம்பர் 29 அன்று அவர் அடித்த ஒரு பந்தை இரண்டாவது பேஸ்காரர் கைதவறவிட்டார். ஹிட் என்று அரங்கம் ஆரவாரித்தது. அதிகாரபூர்வப் பதிவாளர் அதைத் தடுப்பாட்டப் பிழை என்று தீர்ப்பளித்தார். ஹிட் என்பது ஒரு மனிதரின் தீர்ப்பையும் சார்ந்தது என்பதை வாசகருக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

அந்த டபுள்தான் 'அவர் வாழ்வின் கடைசி அடி' என்று பல இடங்களில் எழுதியிருப்பதைக் காணலாம். நானும் அதை நெடுநாள் நம்பியிருந்தேன். அது வழக்கமான பருவத்தில் அவருடைய கடைசி மட்டை வாய்ப்பு, அவ்வளவே. அதன்பின் ஓர் ஆட்டத்தில் தடுப்பாட்டத்துக்கு மட்டும் இறங்கினார். பின்பு சின்சினாட்டி ரெட்ஸுக்கு எதிரான லீக் இறுதித் தொடரில் மட்டை பிடித்தார், ஒரு ஹோம் ரன்னும் அடித்தார். வழக்கமான பருவத்தின் கணக்கும் பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களின் கணக்கும் தனித்தனி ஏடுகளில் வைக்கப்படுவதால் 3,000 என்ற எண் அசையாமல் நிற்கிறது. இரண்டு ஏடுகளையும் கலந்துவிடாமல் எழுதுவது உங்கள் பொறுப்பு.

களத்துக்கு வெளியே: அதே கண்டிப்புடன்

களத்தின் எண்களைச் சோதிக்கிற அதே கண்டிப்பு வெளிவாழ்க்கையை எழுதும்போதும் வேண்டும். இங்கே சான்றுகள் மூன்று வகை: ஆவணங்கள், அன்றைய செய்தித்தாள்கள், உடனிருந்தவர்களின் நினைவுகள். மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல.

செய்தித்தாள்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அன்றைய நிருபர்கள் சிலர் கிளெமென்டேயின் ஆங்கிலப் பேச்சை, அவருடைய உச்சரிப்பைப் பழிக்கும் வகையில், எழுத்துகளைத் திரித்து அச்சிட்டார்கள். அத்தகைய மேற்கோளை மொழிபெயர்க்கும்போது திரிபையும் சேர்த்து மொழிபெயர்த்து, அவரைக் கொச்சையாகப் பேசவைக்காதீர்கள். அவர் சொன்ன கருத்தை நேரான தமிழில் எழுதுங்கள். அது எப்படி அச்சிடப்பட்டது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். அப்படி அச்சிட்டதே ஒரு வரலாற்றுச் செய்தி.

அதே செய்தித்தாள்கள் அவரை நோய்ப் பாசாங்கு செய்கிறவர் என்றும் எழுதின. இங்கே களத்தின் பதிவு சாட்சி சொல்ல வருகிறது. 1954இன் இறுதியில் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய முதுகு காயப்பட்டது. அந்த வலி தொழில்வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது. ஆயினும் அவர் பைரேட்ஸுக்காக ஆடிய ஆட்டங்கள் 2,433. செப்டம்பர் 30க்குப் பின் தடுப்பாட்டத்துக்கு மட்டும் இறங்கியதாக மேலே சொன்ன அந்த ஆட்டம்தான் ஆட்ட எண்ணிக்கையில் அவரைப் பழைய பைரேட்ஸ் வீரர் ஹோனஸ் வாக்னரோடு அணியின் முதலிடத்துக்குக் கொண்டுபோயிற்று. பாசாங்கு செய்கிறவர் இத்தனை ஆட்டங்களில் நிற்க முடியாது. குற்றச்சாட்டை எழுதுகிறீர்கள் என்றால் இந்த எண்ணை அடுத்த வாக்கியத்தில் எழுதுங்கள்.

படைப்பணியையும் விட்டுவிடாதீர்கள். 1958-59 குளிர்காலத்தில் அவர் அமெரிக்க மரைன் படையின் துணைப்பிரிவில் ஆறு மாதப் பயிற்சி பெற்றார். உடல் வலுப்பெற்றதற்கும் முதுகுவலி தணிந்ததற்கும் அந்தப் பயிற்சியே காரணம் என்று அவர் கருதினார். 1960இல் தொடங்கிய உயர்வை விளக்கும்போது இது ஒரு காரணமாக இடம்பெறலாம். ஒரே காரணமாக அன்று.

செய்தித்தாளில் ஒன்று இல்லை என்பதாலும் ஏமாறக்கூடாது. 1971 செப்டம்பர் 1 அன்று பைரேட்ஸ் களமிறக்கிய ஒன்பது பேரும் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வீரர்கள்; பெரிய லீகுகளின் வரலாற்றில் அது முதல் முறை; கிளெமென்டே அதில் ஒருவர். பிட்ஸ்பர்கின் நாளிதழ்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்ததால் உள்ளூர்ச் செய்தி வெளியாகவில்லை. தொகுப்புகளில் தேடி ஒன்றும் கிடைக்காதவர், நிகழ்ச்சி முக்கியமற்றது என்று நினைத்துவிடக்கூடும். அதற்கு மூன்றாண்டு முன்பு, 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது, அவருடைய இறுதிச்சடங்கு முடியும்வரை ஆடுவதில்லை என்று பைரேட்ஸ் வீரர்கள் முடிவெடுத்தார்கள். கிளெமென்டேயும் வெள்ளை இனத்தவரான டேவ் விக்கர்ஷாமும் அந்த முடிவை விளக்கி அறிக்கை எழுதினார்கள். பருவத்தின் முதல் ஆட்டம் ஏப்ரல் 10க்குத் தள்ளிப்போயிற்று. அட்டவணையில் தெரியும் அந்தத் தேதி மாற்றத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

சம்பளத்தை எழுதும்போது இன்றைய தொகையோடு ஒப்பிட்டு வியக்காதீர்கள்; அன்றைய உரிமைகளோடு ஒப்பிடுங்கள். கிளெமென்டே 1967இல் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரை எட்டினார். ஆனால் ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை தந்த 'ரிசர்வ் கிளாஸ்' அப்போது நடைமுறையில் இருந்தது. கர்ட் ஃப்ளட் என்ற வீரர் அதை எதிர்த்து வழக்குத் தொடுக்க முன்வந்தபோது, 1969 டிசம்பரில் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் கூடிய வீரர் சங்கத்தின் பிரதிநிதிகள் அவருக்கு ஆதரவளித்தார்கள். உச்ச நீதிமன்றம் 1972இல் ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தப் பிடி தளர்ந்தது 1975 இறுதியில் வந்த நடுவர் தீர்ப்பால். கிளெமென்டே பதினெட்டு ஆண்டுகள் ஒரே அணியில் ஆடியதை 'விசுவாசம்' என்று மட்டும் எழுதினால், வேறு அணிக்குத் தாமே போகும் உரிமை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்ற உண்மை மறைந்துவிடும்.

குடும்பத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுதுங்கள். வேராவை 1964இல் மணந்தார், மூன்று மகன்கள். பொதுவெளியில் அவர்கள் தாமே சொன்னதற்கு மேல் தேடிப் போக வேண்டியதில்லை.

மரணத்தையும் அதன் பின்னான மரியாதைகளையும் எழுதும்போது

1972 டிசம்பர் 23 அன்று நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவைப் பூகம்பம் சிதைத்தது. சில வாரங்களுக்கு முன்புதான் புவேர்ட்டோ ரிக்கோவின் அமெச்சூர் அணியின் மேலாளராக கிளெமென்டே அந்த நாட்டுக்குப் போய் வந்திருந்தார். தாம் திரட்டி அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மக்களுக்குப் போய்ச் சேராமல் திசைதிருப்பப்படுகின்றன என்று கேள்விப்பட்டு, தாமே உடன் சென்றால் தடுக்க மாட்டார்கள் என்று நினைத்து, டிசம்பர் 31 இரவு ஒரு பழைய டிசி-7 சரக்கு விமானத்தில் ஏறினார். விமானம் சான் ஹுவானிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் கடலில் விழுந்தது. அதில் இருந்த ஐவரும் இறந்தார்கள். அவருடைய உடல் கிடைக்கவில்லை.

இதை எழுதும்போது பெரும்பாலோர் தியாகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். விமானத்தில் அனுமதிக்கப்பட்டதைவிட 4,000 பவுண்டுக்கு மேல் கூடுதல் எடை ஏற்றப்பட்டிருந்தது. உயிர்களைக் காத்திருக்கக்கூடிய விதிகள் மீறப்பட்டன. அவருடைய நல்லெண்ணத்தைப் போற்றுவது போலவே, அந்த விமானம் பறந்திருக்கவே கூடாது என்பதையும் தெளிவாக எழுதுவது அவருக்கும் உடன் இறந்த நால்வருக்கும் நாம் செய்ய வேண்டிய கடமை என்று நினைக்கிறேன்.

பின்வந்த மரியாதைகளைத் தேதியோடு வரிசைப்படுத்துங்கள். இவற்றில்தான் குழப்பம் அதிகம். பேஸ்பாலின் புகழ்பெற்றோர் மன்றமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர ஓய்வுக்குப் பின் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி அவருக்காகத் தளர்த்தப்பட்டது. 1973 மார்ச்சில் நடந்த சிறப்பு வாக்கெடுப்பில் 424 வாக்குகளில் 393 பெற்றார். ஆகஸ்ட் 6 அன்று சேர்க்கப்பட்டார். லத்தீன் அமெரிக்காவிலும் கரீபியனிலும் பிறந்தவர்களில் அவரே முதல்வர். சமூகப் பணியாற்றும் வீரருக்கு 1971 முதல் வழங்கப்பட்ட ஆணையர் விருது 1973இல் அவர் பெயரைப் பெற்றது. ஆகவே அது அவர் மறைவுக்குப் பின் தோன்றிய விருது அன்று, பெயர் மாறிய விருது. அவருடைய 21ஆம் எண் பைரேட்ஸில் மட்டும் ஓய்வு பெற்றது. பெரிய லீகுகளில் இனத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனின் 42ஆம் எண்ணைப் போல எல்லா அணிகளிலும் ஓய்வு பெறவில்லை. பைரேட்ஸ் இன்று ஆடும் மைதானத்தில், அவர் காத்த வலப்பக்கத்தின் சுவர் 21 அடி உயரத்தில் கட்டப்பட்டிருக்கிறது.

எழுதி முடித்த பின் முதல் தாளை மீண்டும் எடுத்து, பெயர், தேதி, எண் ஒவ்வொன்றையும் கட்டுரையோடு ஒத்துப் பாருங்கள். ஹால் ஆஃப் ஃபேமில் 1973இல் வைக்கப்பட்ட வெண்கலப் பலகையில் அவருடைய பெயர் 'ரொபெர்ட்டோ வாக்கர் கிளெமென்டே' என்று மாற்றிப் பொறிக்கப்பட்டிருந்தது. சரியான பெயருடன் புதிய பலகை வைக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில்.